வடக்கன்குளத்துச் சுவரும் தென்னிந்தியத் திருச்சபையும்



நாகர்கோவில்காரர் லண்டன் மிஷன் சபையார் ஆனார். பாளையங்கோட்டைக்காரர் ஆங்கிலிக்கன் ஆனார். மதுரைக்காரர் அமெரிக்கன் மிஷன் சபையார் ஆனார். வேதத்தை ஆராய்ந்து எடுத்த முடிவா இது? இல்லை. எந்த மிஷன் எந்த ஊருக்கு முதலில் வந்து பள்ளிக்கூடம் வைத்ததோ, அந்தச் சபையில் அந்த ஊரார் சேர்ந்தார்கள். இங்கிலாந்துச் சண்டைகளில் பிறந்த பிரிவுகள் தாமிரபரணிக் கரையில் பரம்பரைச் சொத்தாகிவிட்டன!

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள் இதைத்தான் எதிர்த்தார்கள். இந்தப் பிரிவினை தங்கள் கையால் வந்ததல்ல, சுவிசேஷப் பணிக்கு இது தடை என்று அறிக்கை விட்டார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களுள் ஒருவர்.

பேச்சுவார்த்தை 28 ஆண்டு இழுத்தது. பெரிய முட்டுக்கட்டை இதுதான்: பேராயர் தலையில் கை வைத்து அபிஷேகம் செய்யாத போதகர், போதகர்தானா? அவர்களுக்கு மறுபடியும் அபிஷேகம் செய்தாக வேண்டும் என்று வாதாடியவர்கள் உண்டு. ஒப்பந்தம் அதை ஏற்கவில்லை. இணையும் நாளில் போதகராக இருப்பவர் அப்படியே போதகர். இனி வருகிறவர்களுக்குப் பேராயர் கை வைப்பார் என்று தீர்மானமானது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. 1945 ஜனவரி முதல் நாளே காலமாகிவிட்ட அசரியா அதைக் காணவில்லை. 1948இல் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்களோ, புதிய சபையோடு முழு ஐக்கியம் கொள்ளத் தயங்கினார்கள்.

ஆனாலும் அந்த இணைப்பு நிலைத்தது. எதன்மேல்? கிறிஸ்து ஏற்றுக்கொண்ட ஊழியனை மறுக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டார்களே, அதன்மேல்!

ஒரே தலைமையும் ஒரே வழிபாட்டு முறையும் இருந்தால் ஐக்கியம் தானாக வந்துவிடும் என்பவர்கள் வடக்கன்குளம் என்ற ஊரைப் பார்க்கட்டும். அங்கே இருந்தது கத்தோலிக்கத் திருச்சபை. ஒரே போப்பாண்டவர், ஒரே லத்தீன் பூசை, ஒரே நற்கருணை. அந்தக் கோயிலுக்குள்தான் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்துச் சுவர் நின்றது! 1910இல் அது இடிக்கப்பட்டது. சாதி உரிமை கேட்டவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள்.

மிஷன்கள் கொண்டுவந்த பிரிவுக்கு வெள்ளைக்காரரைக் குறை சொல்லலாம். சாதிச் சுவரை எழுப்பியது யார்? செத்தவரைப் புதைக்கச் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. திருமண்டிலத் தேர்தலில் வேட்பாளரின் ஊழியத்தைக் கேட்காமல் சாதியைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் பருகிவிட்டு இதைச் செய்கிறவர்கள், சபைகளை இணைக்கக் குழு அமைத்து என்ன பயன்?

ஆகவே பேராயர்களிடமும் ஆயர்களிடமும் இந்தக் கூட்டம் கேட்பது இரண்டே. ஊருக்கு ஒரே கல்லறைத் தோட்டம் என்று இந்த ஆண்டே சட்டம் செய்யுங்கள். சாதி சொல்லி வாக்குக் கேட்கிறவர் எவரானாலும், அவரைத் திருமண்டிலப் பொறுப்பிலிருந்து விலக்குங்கள்!