கிராண்டு யார் பேரில் இருக்கிறது?



நான் இன்று பேசுவதாகவே இல்லை. தலைவர் பேசுவார், செயலாளர் நன்றி சொல்வார், மீகூனைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் வந்தேன். ஆனால் போன வாரம் இந்த வட்டாரத்தில் ஒரு தன்முனைப்பு நிகழ்ச்சி நடந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒரு டத்தோ வந்திருந்தார். அவர் பேசிய பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. என்ன சொன்னார் தெரியுமா? "உங்களை நிறுவனமும் அழுத்தவில்லை, அரசாங்கமும் அழுத்தவில்லை. உங்கள் தோட்டத்துப் புத்திதான் உங்களை அழுத்துகிறது." கை தட்டினார்கள், ஐயா! நம் ஆட்களே தட்டினார்கள்.

அதே வாரம் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு லயத்தில் ஒரு பாட்டிக்குக் கடிதம் வந்தது. இளவயதில் பால் மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மருந்தடித்து, உதிரிப் பழம் பொறுக்கி, முதுகு வளைந்தவர். மகன் தோட்ட வேலையை விட்டுவிட்டு ஒரு ஃபேக்டரிக்குப் போய்விட்டான். இனி உங்கள் வீட்டில் தோட்டத் தொழிலாளி எவரும் இல்லை, இரண்டு வாரத்தில் காலி செய்யுங்கள் என்று கடிதம். மலாயில் எழுதியிருந்ததால் பேரன் படித்துச் சொல்லியிருக்கிறான்.

டத்தோ அவர்களே, எந்தப் புத்தியை மாற்றினால் அந்தக் கடிதம் திரும்பிப் போகும்? அந்தப் பாட்டி விடியற்காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று பத்து தடவை சொன்னால் மேனேஜர் மனம் மாறிவிடுவாரா? (சிரிப்பு)

நான் கேட்பது ஒரே கேள்வி. அந்த வீட்டின் கிராண்டு, அதாவது நிலப் பத்திரம், யார் பேரில் இருக்கிறது? இன்று இதையே திரும்பத் திரும்பக் கேட்பேன். சலித்துக்கொள்ளாதீர்கள். நம் ஜனங்களின் வாழ்க்கையில் வேலை, படிப்பு, சாமி, சாவு எல்லாவற்றுக்குள்ளும் இந்த ஒரு கேள்வி புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். லயத்து வீடு தோட்டத்தினுடையது. தண்ணீர்க் குழாய் தோட்டத்தினுடையது. அம்மா காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது குழந்தையை விட்டுவிட்டுப் போகிற ஆயாக் கொட்டகை, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிற டிரெஸ்ஸர், பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் நிற்கிற மண், மாரியம்மன் நிற்கிற மண், கடைசியில் நம்மைப் புதைக்கிற மண், எல்லாம் தோட்டத்தினுடையது. வெளியே இருக்கிறவனுக்கு வேலை போனால் வேலைதான் போகும். வேறு இடத்தில் தேடிக்கொள்வான். நமக்கு வேலை போனால் வீடு போகும், பிள்ளையின் பள்ளி போகும், சாமி போகும், பக்கத்து வீட்டு அக்கா போவாள். எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் போடுகிற ஒரே கையெழுத்தில் இத்தனையும் போகும். இதற்குப் பெயர் தோட்டத்துப் புத்தியா? யாருடைய புத்தி இது?

இந்த மண்ணின் கதை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஹென்றி ஃபோக்கோனியே என்று ஒரு ஃபிரெஞ்சுக்காரர். நம் ரந்தாவ் பஞ்சாங்கில் காட்டை வெட்டி ரப்பர்த் தோட்டம் போட்டவர். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை நட்டது எங்கே? இங்கேதான். 1917இல், தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் அதே ஃபோக்கோனியே. சபாவில், சரவாக்கில், பகாங்கில் இன்று கண்ணுக்கு எட்டிய மட்டும் நிற்கிற செம்பனைக்கெல்லாம் தாய்வீடு நம் ஊர். பிறகு அவர் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். 1930இல் ஃபிரான்சின் பெரிய பரிசான கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. நல்லது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. எழுதத் தெரிந்தவர் எழுதினார். ஆனால் குழி தோண்டியது யார்? கன்று சுமந்தது யார்? ஃபோக்கோனியேவுக்குத் தோட்டமும் கிடைத்தது, பேரும் கிடைத்தது, பரிசும் கிடைத்தது. குழி தோண்டியவனின் கொள்ளுப்பேத்திக்கு நோட்டீஸ் கிடைக்கிறது! (கைதட்டல்)

குடிதான் நம்மைக் கெடுத்தது என்று ஒரு கூட்டம் சொல்லும். இந்தப் பேச்சை எந்த மேடையிலும் கேட்கலாம். சொல்கிறவர் பெரும்பாலும் விருந்தில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்வார். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்ததே, ஆர்.எச். நாதன் தலைமையில், அந்தத் தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்றார்கள். கேட்டீர்களா? மூடச் சொன்னவன் தமிழன்! திறந்து வைத்தவன் துரை! நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளத்தைக் கொண்டுவந்து சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்தார்கள். கள்ளுக்கடை திறந்தே இருந்தது. பிறகு எண்பது வருஷம் கழித்து ஏசி ஹாலில் நின்றுகொண்டு, குடிக்காதே அப்பா என்று எங்களுக்கு உபதேசம். ஐந்து பேர் உயிரைக் கொடுத்துவிட்டுப் போன கோரிக்கையை எடுத்து எங்கள் முகத்திலேயே எறிகிறார்கள். இவர்களுக்கு வெட்கம் இல்லையா?

மன்னிக்க வேண்டும், சத்தம் கூடிவிட்டது. தண்ணீர் கொடுங்கள் தம்பி.

வெள்ளைக்காரன் போனால் சரியாகிவிடும் என்று நம்பினோம். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி என்ற தோட்ட நிறுவனத்தை நம் அரசாங்கத்தின் பெர்மோடாலான் நேஷனல் நாலு மணி நேரத்துக்குள் வாங்கியது. ஏறக்குறைய இரண்டு லட்சம் ஏக்கர் நிலம் திரும்பி வந்தது. நாடே கொண்டாடியது. நானும் கொண்டாடினேன், அதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். லண்டனில் காலை, இங்கே பொழுது சாய்கிற நேரம். கத்ரி தோட்டங்களில் மரம் வெட்டியவர்கள் பாலை ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டு வந்து சோறு பொங்கிக்கொண்டு இருந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமலே அவர்களுடைய முதலாளி மாறினான். மறுநாள் காலையில் அதே பெரட்டு, அதே நிரை, அதே வாளி. லண்டன் பேரில் இருந்த கிராண்டு கோலாலம்பூர் பேருக்கு வந்தது. லயத்தின் பேருக்கு வரவில்லை.

அந்தக் காரியத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் காலிட் இப்ராஹிம். பிறகு அவரே கத்ரியை நடத்தினார். 2007இல் யாருடைய ஓட்டு கேட்டு வந்தார்? நம் ஈஜோக் ஓட்டு கேட்டு! தோட்டத் தொழிலாளியிடம், எதிர்க்கட்சி வேட்பாளராக! எதிரே ஆளும் கூட்டணி ம.இ.கா.வின் பார்த்திபன். அந்த இடைத்தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி படுக்கும்போது செம்மண் ரோடு, காலையில் எழுந்தால் தார் ரோடு. விளக்குக் கம்பம் காளான் மாதிரி முளைத்தது. எங்கள் தெரு நாய்கள் புதுத் தார் வாசனையில் இரண்டு நாள் குரைக்கவே இல்லை. (சிரிப்பு) பார்த்திபன் 1,850 ஓட்டில் ஜெயித்தார். அடுத்த வருஷம் காலிட் ஜெயித்தார், மந்திரி புசாரும் ஆனார். அந்தப் பக்கமும் ஆண்டது, இந்தப் பக்கமும் ஆண்டது. அதே 2007இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு பெஸ்தாரி ஜெயா என்று பேரை மாற்றினார்கள். ஒரு முழு ஊரின் பேரையே மாற்றத் தெரிந்த அரசாங்கத்துக்கு ஒரு கிராண்டில் பேர் மாற்றத் தெரியவில்லை.

இங்கே ஒருவர் எழுந்திருப்பார். "தோழரே, அது தனியார் நிலம், அரசாங்கம் எப்படித் தலையிடும்?" என்பார். அப்படியா? 1960ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை 1991இல் திருத்தினார்களே, அது எதற்கு? பொருளாதார வளர்ச்சிக்கு நல்லது என்று மாநில அரசு நினைத்தால், யாருடைய நிலத்தையும் எடுத்து இன்னொரு நிறுவனத்துக்கே கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. 2011இல் லத்தார் நெடுஞ்சாலை திறந்தார்கள். எங்கே தொடங்குகிறது? ஈஜோக்கில். முப்பது கிலோமீட்டருக்கு மேல் ரோடு போட நிலம் கிடைத்தது. காருக்கு நிலம் கிடைக்கும், கார் ஓட்டிக்கொண்டு போகிறவனின் அம்மாவுக்குக் கிடைக்காது.

ரோடாவது பரவாயில்லை. கோலாலம்பூர் குப்பை எங்கே போகிறது? புக்கிட் தாகாருக்கு. பங்சாரில் தின்றுவிட்டுப் போட்ட எலும்பு, செராஸில் கிழிந்த மெத்தை, எல்லாம் லாரி ஏறி அங்கே வந்து நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறது. அதே புக்கிட் தாகார் தோட்டம், மேரி தோட்டம், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், மின்யாக், இந்த ஐந்து தோட்டத்து ஜனங்கள், 245 குடும்பம், பெர்ஜாயா குழுமத்தின் நிலத்தில் வேலை செய்தவர்கள், ஒரு வீட்டுக்காக இருபது வருஷத்துக்கு மேலாக மனு கொடுத்துக்கொண்டும் மறியல் செய்துகொண்டும் இருந்தார்கள். அவர்கள் கேட்டது ஆயிரக்கணக்கான ஏக்கரிலிருந்து வெறும் 20 ஏக்கர் வீட்டு நிலம். குப்பைக்கு விரித்த பாயில் ஒரு ஓரம்கூட இல்லை அது! எத்தனை பிரதமர் மாறினார்கள், எத்தனை மந்திரி புசார் மாறினார்கள்? 2024 மே மாதம் கோலா குபு பாரு இடைத்தேர்தல் வந்தது. உடனே மேடைக்கு மேடை இந்த ஐந்து தோட்டத்துக் கதை. அமைச்சர் ங்கா கோர் மிங் வந்து உறுதி சொல்கிறார். நான் கேட்கிறேன், ஒரு சட்டமன்ற உறுப்பினர் காலமானால்தான் நமக்கு வீடு பற்றிய பேச்சே வருமா? அப்படியானால் ஒவ்வொரு லயத்துக்கும் எத்தனை ஒய்.பி. சாக வேண்டும்? (சிரிப்பு, கைதட்டல்) சிரிக்காதீர்கள். நான் எவருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. எல்லாரும் நூறு வயது இருக்கட்டும். நமக்கு வீடு மட்டும் அதற்கு முன்னால் வரட்டும்.

மின்மினியைப் பார்க்க உலகத்திலிருந்தெல்லாம் கம்போங் குவாந்தானுக்கு வருகிறார்கள். சுங்கை சிலாங்கூர் கரையில் அந்தப் பூச்சி தங்குகிற பெரெம்பாங் மரத்தை யாரும் தொடக்கூடாது என்று பாதுகாப்பு இருக்கிறது. இருக்கவேண்டியதுதான். பூச்சிக்கு அதன் மரத்தில் தங்க உரிமை உண்டு என்று இந்த மாநிலத்துக்குப் புரிந்திருக்கிறது. நமக்கும் பின்னால் ஒரு விளக்கு எரிந்தால் நம்மையும் விட்டுவைப்பார்களோ என்னவோ.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியைப் புரிந்துகொண்ட தலைவர் ஒருவர் இருந்தார். துன் சம்பந்தன். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தபோது, மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று லயம் லயமாக ஏறி இறங்கினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது அப்படித்தான். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் இந்த மண்டபத்தை விடிய விடிய வாடகைக்கு எடுக்க வேண்டும். தொழிற்சங்கத்து நண்பர்களும் வந்திருக்கிறார்கள், பார்க்கிறேன். ஐம்பது காசு, ஒரு வெள்ளி என்று கூலிக்காக நீங்கள் போராடியதை நான் மறுக்கவில்லை. இன்று குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆனால் வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டு இருக்கிற வரைக்கும் எந்தத் தொழிலாளி நிமிர்ந்து நின்று பேசுவான்? வாயைத் திறந்தால் பிள்ளைகுட்டியோடு தெருவில் நிற்க வேண்டும். 1990இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஜன்னல், கக்கூஸ், தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. வேலை முடிந்த மறுநாள் எங்கே போவது என்பது மட்டும் இல்லை.

அதனால் இனி யார் வந்தாலும், எந்தக் கொடியோடு வந்தாலும், அரிசிப் பை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் நம் வரிப்பணம்தான். கோயில் கூரைக்குச் செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மேடையில் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து முடிந்ததும் மைக்கை வாங்கி, கோயில் இருக்கிற நிலம் யார் பேரில் ஐயா என்று கேளுங்கள். பள்ளிக்கூட நிலம் யார் பேரில்? சுடுகாடு யார் பேரில்? பதில் சொல்லாமல் காரில் ஏறினால் கார்க் கதவு வரைக்கும் போய்க் கேளுங்கள்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். கடிதம் வந்தவர்கள் கடிதத்தைக் கொண்டுவாருங்கள். வராதவர்கள் பழைய சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு நகல், லயத்து வீட்டுக் கதவு எண் தெரிகிற மாதிரி ஒரு படம், பள்ளிச் சான்றிதழ், பிள்ளை பிறந்த பத்திரத்தில் தோட்டத்து முகவரி, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். கறையான் தின்றது போக மிச்சம் இருந்தாலும் சரி. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, திங்கட்கிழமை காலையில் கோலா சிலாங்கூர் நில அலுவலகத்துக்குப் போகிறோம். நம்பர் எடுத்துக்கொண்டு உட்காருவோம். மதியம் சாப்பாட்டுக்கு மூடினால் வெளியே நிற்போம், திறந்ததும் உள்ளே போவோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மனு எப்படி எழுதுவது என்று அவர்களும் பார்க்கட்டும்.

எனக்குக் கொடுத்த நேரம் எப்போதோ முடிந்துவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். இதோ, மைக்கை முன்வரிசையில் இருக்கும் அக்காவிடம் கொடுக்கிறேன். அவர் தோட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு வேலி கட்ட வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவர் வாயாலேயே கேளுங்கள். வாங்க அக்கா.