தருமபுரியில் குடியானவர்களிடம் பேசிய மன்றோ

ஸ்பானிய மொழி கற்க வெளிநாட்டவர் பலர் குவாத்தமாலா நாட்டின் ஆன்டிகுவா நகரத்துக்குப் போகிறார்கள். ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்று பாடம். மீதி நேரம் உள்ளூர்க் குடும்பத்தோடு சாப்பாடும் பேச்சும்.

ஊரோடு கலந்து பழகும் இந்த வழிக்கு நம் தருமபுரியிலும் ஒரு முன்னோடி உண்டு.

1792-இல், தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால், திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. வரி நிர்வாகத்துக்கு யாரை அனுப்புவது? சிவில் அதிகாரிகள் பலருக்கு மக்கள் மொழி தெரியாது. அதனால் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், மொழி தெரிந்த ராணுவ அதிகாரி அலெக்சாண்டர் ரீடைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர், கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ.

தருமபுரியில் வீடும் தோட்டமும் இருந்தாலும், மன்றோ ஊர் ஊராகப் போய்க் கூடாரமடித்துத் தங்கினார். எந்த நிலம் யாருடையது, நன்செயா புன்செயா, என்ன விளையும் என்று குடியானவர்களிடமே விசாரித்தார். அரசு உழவரோடு நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் வேர்விட்டது. 1820-இல் அவர் சென்னை மாகாண கவர்னரானார்.

இன்று தமிழ் படிக்க அமெரிக்க மாணவர்கள் மதுரைக்கு வருகிறார்கள். இந்தியவியல் ஆய்வுக்கான அமெரிக்க நிறுவனம் அங்கே வகுப்பு நடத்துகிறது. உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கும் மாணவர்களுக்குச் சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசுவதும், பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பதும் அன்றாடப் பாடம்.