சுமந்தவனையும் இறக்கிவிடுங்கள்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் சொன்னார்: "மீட்புப் பணிக்குப் போறவன் மனசு கல்லா இருக்கணும்." ஐயா, கல்லா இருந்தா அவன் எதுக்கு வெள்ளத்துல இறங்கப் போறான்? கரையிலேயே கிடக்க வேண்டியதுதானே! (சிரிப்பு)

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள்ளேயே வந்துவிட்டாள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கினார்கள். தீயணைப்பு வீரர்களும், மீட்புப் படையினரும், படகோடு வந்த மீனவர்களும் ஓடி ஓடி மீட்டார்கள்.

தண்ணீர் வடிந்தது. கண்ட காட்சி வடியுமா? உடலைத் தூக்கியவனுக்குத் தூக்கம் வராது. மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். பிள்ளை சிரித்தாலும் எரிந்து விழுவான். இது கோழைத்தனமல்ல, அடுத்தவர் துயரம் பட்ட காயம்!

நம்ம பாபநாசம் அணையைப் பாருங்க. எவ்வளவு உறுதி! அதுக்கும் மதகு வச்சிருக்காங்களே, ஏன்? திறந்துவிடாத அணை தாங்காது ஐயா! (கைதட்டல்)

தாய்மார்களே, வேலை முடிந்து வருபவரிடம் "எத்தனை பொணம் பார்த்தே?" என்று கேட்காதீர்கள். "சாப்ட்டியாய்யா?" என்று கேளுங்கள். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். அதிகாரிகளே, முறை வைத்து ஓய்வு கொடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லையா? 14416, அரசின் 'டெலி மானஸ்', கட்டணமில்லை.

ஆகவே, துயர் துடைப்பவருக்குத் தேவை கல் மனமல்ல, காது கொடுக்கும் துணையே என்று கூறி அமர்கிறேன்.