அளந்து பாராத களஞ்சியம்



 கருத்தரங்கின் அக்கிராசனர் நெடுநேரம் பேசினால் கட்டுரை வாசிக்க வந்தவர்களின் நேரம் குறையும் என்பதை அனுபவத்தில் அறிந்தவனாதலால், ஒரே விஷயத்தைக் கூறி அமர்கிறேன். பிறர் எழுதிய திறந்த மூல நிரல்களை ஆதாரமாகக் கொண்டு நாம் எழுப்பும் மென்பொருள்களில், நினைவகத்தைக் கையாள்வதில் நேர்ந்த பிழையும் உடன் குடிபுகுந்துவிடுகிறது என்பதும், அது குடியிருப்பதை வீட்டுக்காரனே அறியாதிருக்கிறான் என்பதுமே அவ்விஷயம்.

2014 ஏப்ரல் 7-ஆம் நாள் உலகறிய வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் பிழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இணையத்தில் இரகசியமாகச் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பின் 1.0.1 பதிப்பில், இணைப்பின் மறுமுனை உயிரோடிருக்கிறதா என்று விசாரிக்கும் சிறு வசதியொன்று 2012-இல் சேர்ந்தது. விசாரிப்பவன் ஒரு சொல்லை அனுப்பி, அதன் நீளம் இவ்வளவு என்றும் தெரிவிப்பான். சர்வர் அச்சொல்லை அப்படியே திருப்பி அனுப்பும். தெரிவித்த நீளமும் வந்து சேர்ந்த சொல்லின் நீளமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் நிபந்தனை மாத்திரம் எழுதப்படாமல் விடுபட்டுப் போயிற்று. ஒரு படி நெல்லை அடைக்கலம் வைத்துவிட்டுப் பத்துக் கலம் வைத்ததாகச் சொல்லித் திரும்பக் கேட்பவனுக்கு, களஞ்சியக்காரன் கணக்குப் பாராமல், அண்டையில் கிடந்த அயலார் நெல்லையும் சேர்த்து அள்ளிக் கொடுத்த கதைதான் அது. ஒரு தரம் கேட்டால் 64 கிலோபைட் வரை கிடைக்கும். கடவுச்சொற்களும் சர்வரின் அந்தரங்கச் சாவியுங்கூட அதில் அகப்படலாம். கொண்டு போனதற்கு வழக்கமான பதிவேட்டில் தடயமும் இராது. திருத்தமோ சில வரிகளே.

எழுதியவரைக் குறை கூறுதல் எளிது. நான் அதற்கு உடன்படேன். வங்கிகளும் அரசாங்கங்களும் நம்பியிருந்த அத்தொகுப்புக்கு அந்நாளில் ஆண்டுதோறும் வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமும் அதற்கென உழைத்தவர் ஒருவர். அன்றியும், நினைவக எல்லையைச் சோதிக்கும் பொறுப்பை, அத்தொகுப்பு எழுதப்பட்ட சி மொழி, எழுதுபவன் தலையிலேயே சுமத்தியிருந்தது; அவ்வாறு சுமத்தியது அறியாமையினால் அன்று. கணினி அறிஞர் டோனி ஹோர் தமது 1980-ஆம் ஆண்டு டூரிங் விருது உரையில் ஒரு பழைய சம்பவத்தை நினைவுகூர்ந்தார். அல்கால் 60 மொழிக்குத் தம் குழுவினர் இயற்றிய கம்பைலரில் இச்சோதனை எப்போதும் நடைபெற்றது. வேகத்தின் பொருட்டு அதை நிறுத்திக்கொள்ள வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, அவர்கள் ஒருமுகமாக வேண்டாம் என்றார்களாம். மருந்து கைவசம் இருந்தும் ஒரு தலைமுறை அதைப் பரணில் போட்டுவிட்டது.

ஆயினும், ஹார்ட்பிளீடைக் காட்டிலும் என் சிந்தனையை அதிகம் கிளறியது வெப்பி வகைப் படங்களைக் கையாளும் லிப்வெப்பி என்னும் நிரலில் 2023 செப்டம்பரில் வெளிப்பட்ட பிழையே. படத்தைச் சுருக்கி வைக்கும் முறையில் ஹஃப்மன் அட்டவணைக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும் குற்றம் அது. வஞ்சகமாக அமைத்த ஒரு படத்தைத் திறப்பதே அபாயம். முதலில் அதனைக் குரோம் உலாவியின் குறை என்றே பதிவு செய்தார்கள். ஆகையால், குரோமைத் தொடாதவர்கள் தமக்குச் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். அதே நிரலோ ஃபயர்ஃபாக்ஸிலும், எலக்ட்ரான் சட்டகத்தின் மேல் கட்டிய அநேக அரட்டைச் செயலிகளிலும், ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பிரதியாக அமர்ந்திருந்தது. ஊற்றை ஒரே நாளில் சுத்தம் செய்துவிடலாம். முன்னமே அதிலிருந்து மொண்டு வைத்த குடங்களை யார் கவிழ்ப்பது?

நினைவகப் பிழைகளைத் தடுக்குமாறு அமைந்த ரஸ்ட் மொழியில் எல்லாவற்றையும் திருப்பி எழுதிவிட்டால் இத்தொல்லை தீரும் என்பாருடைய உற்சாகத்தை நான் மதிக்கிறேன். அது சிலவேளை மதப் பிரசாரத்தை ஒத்துவிடுகிறது என்று சொன்னால் இச்சபையில் சிலர் கோபிக்கக்கூடும். புதிதாய் எழுதுவதற்கு அம்மொழி மிக உகந்தது. ஆனால், எழுதி முடிந்து உலகெங்கும் பிரதியாகிவிட்ட கோடானுகோடி வரிகள் எங்கெங்கே உள்ளன என்ற ஜாபிதாவே நம்மிடம் இல்லாதபோது, எதை முதலில் மாற்றுவது என்று எப்படித் தீர்மானிப்போம்?

இவ்வுரையைத் தயாரித்த இரவில், என் சொந்தக் கணிப்பொறியில் லிப்வெப்பி எத்தனை இடங்களில் இருக்கிறதென்று தேடிப் பார்த்தேன். நான்கு பிரதிகள் கிடைத்தன. ஒன்று, நான் பல மாதங்களாகத் திறந்தே பாராத ஒரு செயலிக்குள் இருந்தது. ஐந்தாவது இல்லையென்று உறுதி கூற என்னால் இயலவில்லை. முதற் கட்டுரையாளர் அவ்விதத் தேடலின் முறைகளைப் பற்றியே பேச வந்திருக்கிறார். அவரை மேடைக்கு அழைக்கிறேன்.