ஆப்பிரிக்கக் கானகத்தில் விருந்தினர்

'சஃபாரி' என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாஹிலி மொழிச் சொல். பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த அதற்கும் பயணம் என்பதே பொருள். வணிகர் சரக்கு ஏற்றிச் சென்ற நெடும்பயணத்தை அது முதலில் குறித்தது. பின்னர் வெள்ளையர் துப்பாக்கியேந்திச் சென்ற வேட்டைப் பயணத்தைக் குறித்தது. இன்று விலங்குகளைக் கண்ணாரக் கண்டு களிக்கச் செல்லும் பயணத்தைக் குறிக்கிறது. கென்யா நாடு 1977-ஆம் ஆண்டில் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி இருந்த கையில் அங்கே இப்போது புகைப்படக் கருவி இருக்கிறது. மனிதரின் நோக்கம் இவ்வாறு மாறிவிட்டது. சிங்கத்தின் இயல்போ யானையின் இயல்போ மாறவில்லை.

இந்தியாவிலிருந்து இப்பயணத்தை மேற்கொள்வோர் பலர். வாழ்நாளில் ஒரு முறை என்று பல ஆண்டுகள் பணம் சேர்த்துச் செல்லும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் கையில் புறப்படுமுன் இரண்டு தாள்கள் வந்து சேரும். ஒன்று முன்பதிவு நிபந்தனைகள். மற்றொன்று பாதுகாப்பு விதிகள். முன்னதைச் சிறிய எழுத்து என்று பலர் படிப்பதில்லை; பின்னதைத் தெரிந்த செய்திதானே என்று மடித்து வைத்துவிடுகின்றனர். இவ்விரண்டும் உண்மையில் ஒரே உடன்படிக்கையின் இரு பகுதிகள். அவை என்ன சொல்லுகின்றன, ஏன் சொல்லுகின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இடத்தின் தன்மையை உணர வேண்டும். தான்சானியாவிலுள்ள செரங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் வடக்கே எல்லைக்கு அப்பால் கென்யாவின் மசாய் மாரா சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். இவ்விரண்டுக்கும் இடையில் வேலி இல்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமாடுகள் மழையையும் புல்லையும் தேடி அவ்வெல்லையை ஆண்டுதோறும் கடக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவோ ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். அங்குள்ள பெரிய தங்குமுகாம்களைச் சுற்றி வேலி உண்டு. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவின் கூடார முகாம்கள் பலவற்றில் வேலி என்பதே கிடையாது. இரவில் நாம் உறங்கும் கூடாரத்திற்கும் நீர்யானை மேயும் புல்லுக்கும் நடுவே இருப்பது ஒரு துணித்திரை மட்டுமே.

அத்துணித்திரையின் வலிமை எவ்வளவு என்பதை நம் நாட்டவரே முன்னொரு காலத்தில் உணர்ந்திருக்கின்றனர். 1898-ஆம் ஆண்டில், மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு ரயில்பாதை போடுவதற்காக இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர், சாவோ ஆற்றில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண் சிங்கங்கள் முள்வேலியைத் தாண்டிக் கூடாரங்களுக்குள் புகுந்து மனிதரை இழுத்துச் சென்றன. மாதக்கணக்கில் அந்த அச்சம் நீடித்தது. தொழிலாளர் வேலையை விட்டு ஓடியதால் பாலப்பணி சில காலம் நின்றே போயிற்று. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. அவ்வாண்டு டிசம்பரில் அவ்விரு சிங்கங்களையும் சுட்டு வீழ்த்தியவர் பொறியாளர் பேட்டர்சன். அவை இன்று சிகாகோ நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன.  அத்தொழிலாளருக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. இன்று செல்லும் விருந்தினருக்கு அவ்வுரிமையும் உண்டு, நிபந்தனைத் தாளும் உண்டு. அவற்றைப் பயன்படுத்திக் கொள்ளாதிருப்பது பேதைமை அன்றோ?

இனி முன்பதிவைப் பார்ப்போம். முதற்கேள்வி, யாரிடம் பதிவு செய்கிறோம் என்பது. கென்யாவிலும் தான்சானியாவிலும் பயண ஏற்பாட்டாளர் அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இரு நாடுகளிலும் அவர்களுக்குச் சங்கங்களும் உள்ளன. உரிம எண்ணைக் கேட்பதும், சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பதும் அவநம்பிக்கை ஆகா. கென்யாவில் வழிகாட்டிகளுக்கென ஒரு சங்கம் தேர்வு நடத்தி, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தகுதிகள் வழங்குகிறது. நம்மை அழைத்துச் செல்பவர் எத்தகுதி உடையவர் என்று கேட்பது, விடுதி அறையில் வெந்நீர் வருமா என்று கேட்பதைக் காட்டிலும் முக்கியமானது.

அடுத்தது பணம். முன்பணமாக ஒரு பகுதியும், புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பாக மீதியும் செலுத்துவது வழக்கம். பயணத்தை நாம் கைவிட்டால் திரும்பக் கிடைக்கும் தொகை நாள் நெருங்க நெருங்கக் குறையும். இறுதி வாரங்களில் ஒன்றுமே கிடைக்காது போகலாம். இது கடுமையாகத் தோன்றினும் காரணம் உண்டு. பத்துக் கூடாரங்களே உடைய முகாமில் கடைசி வாரத்தில் காலியாகும் கூடாரத்திற்கு வேறு விருந்தினர் கிடைப்பது அரிது. ஆனால் நாம் கேட்க வேண்டிய எதிர்க்கேள்வி ஒன்று இருக்கிறது: பயணத்தை அவர்களே கைவிட்டால் என்ன நேரும்? பணம் திரும்புமா, அல்லது வேறொரு தேதி மட்டும் தருவார்களா? 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகை முடக்கியபோது, தங்கள் ஒப்பந்தத்தில் இக்கேள்விக்கு என்ன விடை இருக்கிறது என்பதைப் பல பயணிகள் முதல்முறையாகப் படித்தார்கள். அன்று அந்த வாசகத்தை மாற்ற வழியில்லை. கையெழுத்திடும் முன்பே கேட்டிருந்தால் வழி இருந்திருக்கலாம்.

விலையில் எவை அடக்கம் என்பதையும் வரிவரியாகப் பார்க்க வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணம் தனியா, சேர்ந்ததா? வாகனத்தில் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் சன்னலோர இடம் உண்டா? சிறுவர்க்கு வயது வரம்பு என்ன? உகாண்டாவில் மலைக் கொரில்லாக்களைக் காண்பதற்கு 15 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தைக் காண ஒரு நாளைக்கு 8 பேருக்கே அனுமதி; அதுவும் ஒரு மணி நேரமே. சளியோ காய்ச்சலோ உடையவரை அனுமதிப்பதில்லை. மனிதரின் நோய் கொரில்லாவைக் கொல்லக் கூடும் என்பதே காரணம். இவ்விதி தெரியாமல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அழைத்துச் சென்ற பெற்றோர் மலையடிவாரத்தில் யாரையும் நொந்துகொள்ள இயலாது. அவ்வாறே, முகாமுக்குச் செல்லும் சிறிய விமானங்களில் கைப்பையையும் சேர்த்து ஒருவருக்குப் பெரும்பாலும் 15 கிலோ எடையே அனுமதி; பெட்டி வளைந்து கொடுக்கும் துணிப்பையாகவும் இருக்க வேண்டும். கென்யா 2017-ஆம் ஆண்டிலும், தான்சானியா 2019-ஆம் ஆண்டிலும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டன என்பதையும் மூட்டை கட்டும்போது நினைவில் கொள்ளல் வேண்டும்.

மற்றொன்று இன்ஷூரன்ஸ். நல்ல ஏற்பாட்டாளர் பலர் இதனைக் கட்டாயமாக்கி இருக்கின்றனர். மருத்துவச் செலவை மட்டும் ஈடுகட்டும் பத்திரம் போதாது. காட்டிலிருந்து நகர மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவும் அதில் அடங்க வேண்டும். செரங்கெட்டியின் நடுவே ஒருவருக்கு மாரடைப்பு நேர்ந்தால், அவரைக் காப்பது தூரத்தை வெல்லும் விமானமே. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1957-ஆம் ஆண்டிலேயே பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கப்பட்டது. இன்றும் அது நைரோபியிலிருந்து இயங்குகிறது. நம்மை அழைத்துச் செல்பவர் இத்தகைய சேவையுடன் ஏற்பாடு செய்துள்ளாரா, முகாமில் முதலுதவி அறிந்தவர் உண்டா, வாகனத்தில் வானொலித் தொடர்பு உண்டா என்பவை கேட்கத்தக்க கேள்விகள்.

நோய்களைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. கென்யா, உகாண்டா முதலிய நாடுகளுக்குச் சென்று திரும்பும் இந்தியர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வைத்திருத்தல் வேண்டும். அந்நோயைப் பரப்பும் கொசு இங்கே உண்டு. நோய் மட்டும் இல்லை. அது வந்து சேராதிருக்கவே இவ்வளவு கண்டிப்பு. சான்றின்றி வருவோரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவர். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்று செல்லும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி கிடைக்காது. சென்னையில் கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் போடுவார்கள். மலேரியாவுக்கான மாத்திரையைப் புறப்படுமுன் தொடங்கி, திரும்பிய பின்னும் மருத்துவர் சொல்லும் நாள் வரை உட்கொள்ள வேண்டும். ஊர் திரும்பிச் சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்கா சென்று வந்த செய்தியை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். செட்சே என்னும் ஈ துணிக்கு மேலும் கடிக்கும். நீலமும் கறுப்பும் அதனை ஈர்க்கும். ஆதலின் அந்நிற ஆடைகளைத் தவிர்த்தல் நலம்.

இப்போது வாகனத்தினுள் அமர்வோம். எழுந்து நில்லாதே, கையை நீட்டாதே, இறங்காதே, இரையாதே என்று வழிகாட்டி சொல்லுகிறார். இவை பள்ளிக்கூடக் கட்டளை போலத் தோன்றும். காரணம் அறிந்தால் அவ்வாறு தோன்றாது. நாள்தோறும் வாகனங்களைக் காணும் சிங்கம், வாகனத்தையும் அதில் இருப்போரையும் ஒரே உருவாகக் கொண்டு பொருட்படுத்தாமல் இருக்கப் பழகியிருக்கிறது. ஒருவர் எழுந்து நின்றாலோ வெளியே இறங்கினாலோ அவ்வுரு உடைந்து, தனி மனிதன் ஒருவன் அதன் கண்ணுக்குத் தெரிகிறான். 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜோகனஸ்பர்க் நகருக்கு அருகே சிங்கப் பூங்கா ஒன்றில், சன்னல் திறந்திருந்த காரில் அமர்ந்திருந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பெண்சிங்கம் கடித்துக் கொன்றது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அதே நாட்டின் பிலனெஸ்பெர்க் பூங்காவில், குட்டிகளுடன் நின்ற யானைக் கூட்டத்தைப் படமெடுக்கக் காரை விட்டு இறங்கிச் சென்ற ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் மிதியுண்டு மாண்டார்.

விதிகளைக் காத்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லவும் இயலாது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஜாம்பியாவின் கஃபூவே பூங்காவில், ஒற்றை ஆண்யானை ஒன்று விருந்தினரின் வாகனத்தைத் துரத்தி வந்து கவிழ்த்தது. அதில் இருந்த முதிய பெண்மணி ஒருவர் இறந்தார். அவர் வாகனத்திலேதான் அமர்ந்திருந்தார். இத்தகைய நிகழ்ச்சிகள் அரியவை. ஆயினும் அறவே இல்லாதவை அல்ல. இதனால்தான் முகாமில் சேர்ந்தவுடன் ஒரு பொறுப்புத் துறப்புப் பத்திரம் நம் முன் வைக்கப்படுகிறது. காட்டு விலங்கினால் நேரும் தீங்குக்கு நாங்கள் பொறுப்பல்லோம் என்பது அதன் சாரம். நெடுந்தூரம் பறந்து வந்து களைத்த நிலையில், பழச்சாற்றுக் கோப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் கையெழுத்திடுவது நன்றன்று. அப்பத்திரத்தின் படியை முன்பதிவின்போதே கேட்டுப் பெற வேண்டும். விலங்கின் இயல்பால் வரும் ஆபத்தை விருந்தினர் ஏற்பது முறையே. ஆனால் தேய்ந்த டயர், தகுதியற்ற ஓட்டுநர், கவனமற்ற ஏற்பாடு ஆகியவற்றால் வரும் ஆபத்தையும் அதே வாக்கியத்தில் சேர்த்து நம் தலையில் சுமத்தியிருந்தால், அதனைக் கேள்வி கேட்பது நம் கடமை.

முகாமிலும் சில ஒழுங்குகள் உண்டு. இருட்டிய பின் காவலர் துணையின்றிக் கூடாரத்தை விட்டு வெளியே வரலாகாது. உணவுப் பொருளைக் கூடாரத்தில் வைக்கலாகாது. அதன் மணம் குரங்குகளையும் கழுதைப்புலிகளையும் அழைக்கும். ஆற்றங்கரையில் தனியே உலாவலாகாது. நீர்யானை பருத்த உடலுடைய சாதுவான பிராணி என்று எண்ணுவோர் உளர். இரவில் கரையேறி மேய்ந்துவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பும் வழியில் மனிதன் குறுக்கே நின்றால், அது விலகிச் செல்லாது. அவன் மீதே பாயும்.

இறுதியாக ஒன்று. விதிகள் பெரும்பாலும் மீறப்படுவது விருந்தினரின் வேண்டுகோளினால்தான். இன்னும் கொஞ்சம் அருகே போகலாமா என்று நாம் கேட்கிறோம். வழிகாட்டிக்கு அது தவறென்று தெரியும். ஆனால் பயண முடிவில் நாம் மனமுவந்து தரும் அன்பளிப்பு அவர் குடும்ப வருவாயில் ஒரு பங்கு; பக்கத்து வாகனம் அருகே போவதையும் நாம் சுட்டிக் காட்டுகிறோம். அவர் தயங்கி வண்டியை நகர்த்துகிறார். குட்டியுடன் இருக்கும் சிவிங்கி இரையை விட்டு விலகுகிறது. அன்று அதன் குட்டிகளுக்கு உணவில்லை. தீங்கு நேர்ந்துவிட்டாலோ, பெரும்பாலும் மனிதனைத் தாக்கிய விலங்கைச் சுட்டுக் கொன்றுவிடுகின்றனர். வழிகாட்டி உரிமத்தை இழக்கிறார். நாம் போட்ட கையெழுத்தும் கட்டிய இன்ஷூரன்ஸும் அவ்விருவரையும் காப்பதில்லை.

ஆகவே, முதல் நாள் காலையில் வண்டியில் ஏறும்போதே வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது: "எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டுமென்று நீங்கள் நினைக்கிறீர்களோ அங்கேயே நிறுத்துங்கள், எங்களுக்கு அது போதும்." சொல்ல வேண்டியது இவ்வளவே. எந்த நிபந்தனைத் தாளிலும் அவ்வாக்கியம் அச்சிடப்பட்டிருக்காது. அது வழிகாட்டியின் மனத்திலிருந்து ஒரு சுமையை இறக்கும். நம் குழந்தைகளைக் காக்கும். பிறர் வீட்டுக்கு விருந்தாகச் சென்றவர் வாயிற்படியறிந்து நிற்பது போன்ற நல்லொழுக்கமும் ஆகும்.