சில வேளைகளில் கூடமும் கோணல்தான்



ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெரிய பதவியில் அமர்ந்து தோற்றுப் போனவர் காரணம் சொல்ல வாயெடுத்தால், நம்மவர்கள் உடனே எடுத்து வீசும் பழமொழி இது. ஆட்டக்காரரைக் குறை சொல்வது எளிது. கூடத்தை யாராவது ஒருமுறை அளந்து பார்த்தார்களா என்பதே இன்றைய பேச்சு.

ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம் புதிய தலைமை நிர்வாகியை அறிவிக்கும் நாளைப் பலரும் கவனித்திருப்பீர்கள். கைகுலுக்கல், நாளேடுகளில் படம், பங்குச் சந்தையில் ஒரு துள்ளல். "அங்கே சாதித்தவர், இங்கேயும் சாதிப்பார்" என்ற நம்பிக்கை. பிறகு ஓராண்டிலோ ஈராண்டிலோ அவர் விலகுகிறார் என்று நான்கு வரி அறிக்கை வருகிறது. அவருக்குத் திறமை போதவில்லை என்று ஒரு சாரார் சொல்வர். சம்பளத்துக்காக வந்தவர்தானே என்று இன்னொரு சாரார் சொல்வர். அவர் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் என்ன நடந்து கொண்டிருந்தது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஹியூலட் பேக்கார்ட் நிறுவனத்தை எடுத்துக் கொள்வோம். எச்.பி. என்றால் மலேசியர்களுக்கு அன்னியம் அல்ல. 1970களின் தொடக்கத்திலேயே பினாங்கில் தொழிற்சாலை அமைத்த நிறுவனம் அது. 2010 ஆகஸ்டில் அதன் தலைமை நிர்வாகி மார்க் ஹர்ட் செலவுக் கணக்குச் சர்ச்சையில் பதவி விலகினார். அதையொட்டி இயக்குநர் வாரியத்தில் கோஷ்டிப் பூசல் மூண்டது. அந்தச் சூழலில் ஜெர்மானிய மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி.யின் முன்னாள் தலைவர் லியோ அப்போதேக்கரைக் கொண்டு வந்தார்கள். 2010 நவம்பரில் அவர் பொறுப்பேற்றார்.

பின்னர் நியூயார்க் டைம்ஸ் நாளேடு வெளியிட்ட ஒரு தகவல்தான் திகைக்க வைத்தது. அவருக்கு வாக்களித்த இயக்குநர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் சந்திக்கவே இல்லையாம்! உட்பூசலில் களைத்துப் போய்விட்டோம் என்பது அவர்கள் தரப்பு விளக்கம். நம் வீட்டில் ஒரு வரன் பார்ப்பதென்றால்கூட நான்கு பேரை விசாரிக்காமல் தாம்பூலம் மாற்றுவதில்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்த ஒரு நிறுவனத்தின் சாவி, முகம் பார்க்காமலேயே கைமாறியது.

அப்போதேக்கர் மென்பொருளில் வளர்ந்தவர். எச்.பி.யோ உலகிலேயே அதிகமாகத் தனிநபர் கணினிகளை விற்றுக் கொண்டிருந்த நிறுவனம். அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்யப் புறப்பட்டார். 2011 ஆகஸ்டு 18ஆம் நாள் ஒரே மூச்சில் மூன்று அறிவிப்புகள் வந்தன. கணினிப் பிரிவைத் தனியே பிரித்துவிடுவது பற்றி ஆராயப்படும். கடைக்கு வந்து ஏழு வாரமே ஆன டச்பேட் பலகைக் கணினி நிறுத்தப்படும். ஆட்டோனமி என்ற பிரிட்டிஷ் மென்பொருள் நிறுவனம் பத்து பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கப்படும். மறுநாள் எச்.பி. பங்குகள் ஏறக்குறைய 20 விழுக்காடு சரிந்தன. செப்டம்பர் 22ஆம் நாள் அப்போதேக்கர் நீக்கப்பட்டார். பதினொரு மாதம்கூட நிறையவில்லை. அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த வாரியத்தினரோ தங்கள் நாற்காலியிலேயே இருந்தார்கள். அடுத்து வந்த மெக் விட்மன் மறு மாதமே கணினிப் பிரிவு பிரிக்கப்படாது என்று அறிவித்தார். அது தனி நிறுவனமானது 2015இல்தான்.

ஓரிடத்தில் மின்னியவர் மறு இடத்தில் மங்குவது வெறும் ஊகம் அல்ல. ஹார்வர்டு வணிகக் கல்லூரியின் போரிஸ் குரோய்ஸ்பெர்க், அமெரிக்க முதலீட்டு வங்கிகளில் பணியாற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்கு ஆய்வாளர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். நிறுவனம் மாறிய நட்சத்திரங்கள் பலரின் செயல்திறன் சரிந்திருந்தது. தம் குழுவையும் கூட அழைத்துச் சென்றவர்கள் ஓரளவு தப்பினர். தொழில்நுட்பத் துறை வேறு, வங்கித்துறை வேறு என்பது உண்மைதான். ஆனாலும் ஒருவருடைய வெற்றியில் பாதி அவரைச் சுற்றி இருந்தவர்களுடையது என்பதை மறுக்க முடியுமா? பழைய செயலாளர், கேட்டவுடன் கணக்கை எடுத்துத் தரும் அதிகாரி, "இது வேண்டாம் ஐயா" என்று துணிந்து சொல்லும் துணைவர், இவர்கள் யாரும் புதிய அலுவலகத்துக்கு வருவதில்லை. வருவது பெயர் மட்டும்தான்.

இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? கூகுளிலிருந்து யாஹூவுக்கு 2012இல் அழைத்து வரப்பட்ட ஹென்ரிக் டி காஸ்ட்ரோ, பதினைந்து மாதங்களில் வெளியேற்றப்பட்டார். அவர் பெற்ற இழப்பீடு சுமார் 58 மில்லியன் டாலர். ஆப்பிள் கடைகளின் தலைமைக்கு அதே 2012இல் பிரிட்டனின் டிக்சன்ஸ் குழுமத்திலிருந்து ஜான் பிரவுட் வந்தார். மலிவு விலை மின்பொருள் கடைகளை நடத்திப் பழகியவர் அவர். ஆப்பிள் கடைகளில் ஆள்பலம் குறைக்கப்பட்டது, சிலருடைய வேலை நேரம் வெட்டப்பட்டது. அது தவறு என்று ஆப்பிளே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பின்வாங்க வேண்டியதாயிற்று. அக்டோபரில் அவர் வெளியேறினார். அவர்கள் தொழில் நடத்தும் முறைக்குத் தாம் பொருந்தவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். நேர்மையான பேச்சு. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வேலை நேரத்தை இழந்த கடைச் சிப்பந்திக்கு 58 மில்லியனும் கிடையாது, நேர்காணலும் கிடையாது.

இனி இன்ஃபோசிஸ். ஏழு பொறியாளர்கள் 1981இல் தொடங்கிய நிறுவனம். முப்பத்துமூன்று ஆண்டுகள் நிறுவனர்களே மாறி மாறித் தலைமை வகித்தார்கள். வளர்ச்சி தளர்ந்தபோது, ஓய்வு பெற்றிருந்த நாராயண மூர்த்தி 2013 ஜூனில் திரும்பி வந்து ஓராண்டு பொறுப்பிலிருந்தார். அதன் பிறகுதான் முதன்முறையாக நிறுவனர் அல்லாத ஒருவர், விஷால் சிக்கா, 2014 ஆகஸ்டில் தலைமை ஏற்றார். அவரும் எஸ்.ஏ.பி.யில் உயர்பதவி வகித்தவர்தான். அதில் அந்த நிறுவனத்தின் மீது பழி எதுவும் இல்லை!

சிக்காவுக்குத் தொலைநோக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தலைக்கு இவ்வளவு என்று ஆள்கணக்கில் பணம் பார்க்கும் தொழில்முறை நீடிக்காது, தானியங்கி முறைக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் மாற வேண்டும் என்றார். 2015 டிசம்பரில் ஓப்பன் ஏஐ அமைப்பு தொடங்கப்பட்டபோது அதற்கு ஆதரவளிக்க முன்வந்தோர் பட்டியலில் இன்ஃபோசிஸின் பெயரும் இருந்தது. அன்று எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார்கள்? ஆண்டு வருவாயை 2020க்குள் 20 பில்லியன் டாலராக்குவேன் என்று இலக்கும் வைத்தார். எட்டேகால் பில்லியனாக இருந்த வருவாய் அவர் காலத்தில் பத்து பில்லியனைத் தாண்டியது.

பிறகு எங்கே இடித்தது? மூர்த்தி பதவியை விட்டுப் போனாரே தவிர, வீட்டை விட்டுப் போகவில்லை. நிறுவனர் குடும்பங்களின் கையில் சுமார் 13 விழுக்காட்டுப் பங்குகள் இருந்தன. சாவிக்கொத்தை மருமகள் இடுப்பில் செருகிவிட்டு, அடுக்களை வாசலிலேயே நாற்காலி போட்டு அமர்ந்த மாமியாரின் நிலைதான். விலகிச் சென்ற தலைமை நிதி அதிகாரிக்கு 17 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு பேசப்பட்டது ஏன், 200 மில்லியன் டாலருக்கு இஸ்ரேலின் பனாயா நிறுவனம் வாங்கப்பட்டது எப்படி, சிக்காவின் சம்பளம் ஏன் இவ்வளவு என்று மூர்த்தி பகிரங்கமாகக் கேட்டார். சிக்கனத்தாலும் வெளிப்படையான கணக்காலும் பெயர் எடுத்த நிறுவனம் அது. அதை வளர்த்தவர் கேட்டது தவறென்று சொல்ல முடியாது. எனினும் கேள்வி கேட்பதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அது வாரியத்தின் கூட்ட அறை. அங்கே தீர்ந்திருக்க வேண்டியது நாளேடுகளில் நாள்தோறும் நடந்தது.

2017 ஆகஸ்டு 18ஆம் நாள் சிக்கா விலகினார். தொடர்ந்து வந்த தனிப்பட்ட தாக்குதல்களே காரணம் என்று அவரும், மூர்த்தியின் பகிரங்கப் பிரச்சாரமே காரணம் என்று வாரியமும் கூறின. அக்குற்றச்சாட்டு வேதனை அளிக்கிறது என்றார் மூர்த்தி. அன்று ஒரே நாளில் பங்கு விலை ஏறக்குறைய 10 விழுக்காடு வீழ்ந்தது. ஓய்வூதியப் பணத்தை அதில் போட்டிருந்தவர்களுக்கு இந்தச் சண்டையில் பேச வாய்ப்பே இருக்கவில்லை.

அதற்குப் பின் நடந்ததைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். அடுத்த வாரமே நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நீலேகனி வாரியத் தலைவராகத் திரும்பி வந்தார். முன்னைய தலைவர் சேஷசாயி உள்ளிட்ட சிலர் விலகினர். புகார்கள் மறுபடி ஆராயப்பட்டன. தவறு நடக்கவில்லை என்ற பழைய விசாரணைகளின் முடிவையே புதிய வாரியமும் அக்டோபரில் உறுதி செய்தது. அதன் பிறகுதான் ஆள் தேடி முடித்தார்கள். 2018 ஜனவரியில் வந்த சலீல் பாரேக், கேப்ஜெமினியிலிருந்து வந்தவர். இவரும் வெளியாள்தான், இவரும் நிறுவனர் இல்லை. ஆனால் அவர் உள்ளே நுழைந்தபோது சண்டை முடிந்திருந்தது. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 2022இல் அவருடைய பதவிக்காலம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இன்ஃபோசிஸின் வருவாய் 19.3 பில்லியன் டாலர். சிக்கா 2020க்கென்று குறித்து வைத்த 20 பில்லியனை அப்போதும் தொட்டிருக்கவில்லை.