நம் தட்டில் உள்ள வெள்ளைச் சோறு



 

நபித்தோழர் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்களிடம் பிற்காலத்தில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். நபி (ஸல்) அவர்கள் சலித்தெடுத்த வெண்மையான மாவை உண்டதுண்டா என்பதே அக்கேள்வி. நபியாக அனுப்பப்பட்ட நாள் முதல் இறக்கும் வரை அத்தகைய மாவை அவர்கள் கண்ணால் கண்டதுகூட இல்லை என்று ஸஹ்ல் (ரலி) பதில் கூறினார்கள். அக்காலத்தில் உங்களிடம் சல்லடை இருந்ததா என்று அவர் மீண்டும் கேட்க, அதுவும் இல்லை என்றார்கள். சலிக்காத வாற்கோதுமை மாவை எப்படித்தான் உண்டீர்கள் என்று அவர் வியந்தபோது, அரைத்து, வாயால் ஊதி, பறப்பது பறந்துபோக எஞ்சியதைக் குழைத்து உண்டதாக விளக்கினார்கள். புகாரியில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

இதை ஒரு மருத்துவக் குறிப்பாக்கி மேடைகளில் முழங்குவோர் உண்டு. நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. மதீனாவின் எளிய வாழ்க்கையைச் சொல்லும் செய்தி இது. நோய்க்கு மருந்து கூறும் செய்தி அன்று. எனினும் அந்தக் கேள்வி கேட்டவரின் வியப்பைச் சற்றுக் கவனியுங்கள். ஒரே தலைமுறைக்குள் மக்கள் சலித்த மாவுக்குப் பழகிவிட்டார்கள். சலிக்காததை எப்படி உண்ண முடியும் என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். நம் வீடுகளிலும் இதுவே நடந்தது. உரலில் குத்திய அரிசியை உண்டவர்களின் பேரப்பிள்ளைகள், சோற்றில் சிறிது பழுப்பு தெரிந்தாலே தட்டைத் தள்ளி வைக்கிறார்கள்.

தானியத்தை வெண்மையாக்கும்போது நாம் எதை இழக்கிறோம்? இதை உலகம் அறிந்துகொண்ட இடம், நம்மைப் போலவே சோறு உண்ணும் முஸ்லிம்கள் நிறைந்த ஜாவாத் தீவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திர ஆலைகள் பரவி, தவிடு முழுவதும் நீக்கப்பட்ட பளபளப்பான அரிசி கிழக்காசியா எங்கும் மலிந்தது. அதனுடன் பெரிபெரி என்னும் நோயும் பெருகியது. கால்கள் மரத்துப் போகும், நடை தள்ளாடும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். படைவீரர்களும் சிறைக்கைதிகளும் கொத்துக் கொத்தாக இறந்தனர்.

டச்சு அரசு அனுப்பிய மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், இதற்குக் காரணமான கிருமியைத் தேடி, இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தாவியாவில் கோழிகளை வளர்த்தார். திடீரென அக்கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. காரணத்தை ஆராய்ந்தபோது ஒரு சமையற்காரரின் கதை வெளிவந்தது. கோழிகளைப் பராமரித்தவர், இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை வாங்கி அவற்றுக்குப் போட்டு வந்தார். புதிதாக வந்த சமையற்காரரோ, இராணுவத்தின் சோற்றைக் கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். வேறு வழியின்றித் தீட்டாத அரிசியைப் போட்டனர், கோழிகள் பிழைத்தன. ஒரு மனிதரின் கண்டிப்பு, எத்தனை இலட்சம் உயிர்களுக்கு வழி திறந்தது பாருங்கள்!

அவருடைய நண்பர் ஃபோர்டர்மன் ஜாவாவின் சுமார் நூறு சிறைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேரில் ஒருவருக்குப் பெரிபெரி; தவிடு நீங்காத அரிசி வழங்கிய சிறைகளில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே. அரிசியில் ஒரு நஞ்சு இருக்கிறது என்றே எய்க்மன் முதலில் எண்ணினார். அவருக்குப் பின் வந்த ஃக்ரைன்ஸ்தான், நோய்க்குக் காரணம் அரிசியில் உள்ள ஒன்றல்ல, அதில் இல்லாமற்போன ஒன்று என்று 1901இல் எடுத்துரைத்தார். தவிட்டிலும் முளைக்கருவிலும் இருந்த அச்சத்தை 1926இல் பிரித்தெடுத்தனர். பி1 வைட்டமின் என்றும் தயமின் என்றும் இன்று அழைக்கப்படுவது அதுவே. 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சகோதரர்களே! இக்கதையில் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. அதே காலத்தில் மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் போலவே கடல் கடந்து வந்து, அவர்களைப் போலவே வறுமையில் உழன்ற தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது ஊரிலிருந்து வந்த புழுங்கல் அரிசி.

இதைச் சோதித்துப் பார்க்க ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905இல் கோலாலம்பூரின் மனநோயாளர் விடுதியில் நோயாளிகளை வரிசையாக எண்ணி, ஒற்றை எண்காரர்களுக்கு வழக்கமான வெள்ளை அரிசியும் இரட்டை எண்காரர்களுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். மற்ற உணவெல்லாம் ஒன்றே. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. பேசத் தெரியாத அந்த எளிய மனிதர்கள் மீது இப்படியொரு சோதனை நடத்தியது சரிதானா என்ற வருத்தம் இதைப் படிக்கும்போது எழாமல் இல்லை. 1907இல் நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடமும் இதே முறையில் சோதித்தனர். மூன்று மாத அளவில் வெள்ளை அரிசிக் குழுவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள பி1 சத்து நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலை தவிட்டை நீக்கினாலும் உள்ளே புகுந்தது தங்கிவிடுகிறது. நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆயினும் அந்த அண்டாவின் ஆவி அவர்களின் பிள்ளைகளைக் காத்தது.

அப்படியானால் புழுங்கல் அரிசி உண்ணும் நமக்கு என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். கவலை இருக்கிறது. ஆவியில் உள்ளே இறங்குவது சில வைட்டமின்கள் மட்டுமே. நார்ச்சத்து தவிட்டோடுதான் போகிறது. இன்றைய ஆலைகள் புழுங்கல் அரிசியையும் மல்லிகைப் பூப்போல் தீட்டி அனுப்புகின்றன. மேலும், நம் தாத்தா ஒரு வட்டில் சோறு உண்டார் என்றால் விடியலில் ஏர் பிடித்தார், அல்லது கட்டுமரம் தள்ளினார். நாம் அதே வட்டில் சோற்றை உண்டுவிட்டுக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறோம்.

நார்ச்சத்து நீங்கிய மாவுச்சத்து விரைவில் செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் பாய்கிறது. அதை அடக்கக் கணையம் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. நாளுக்கு மூன்று வேளை, பல ஆண்டுகள், கூடவே வயிற்றில் கொழுப்பும் சேர்ந்தால் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக் கொள்கிறது. கணையமும் களைத்துப் போகிறது. பெரிபெரி மூன்று மாதத்தில் காலைத் தள்ளாட வைத்தது. ஆகவே மக்கள் அஞ்சினர். நீரிழிவு ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வேலை செய்கிறது. ஆகவே நாம் அஞ்சுவதில்லை.

21 நாடுகளில் 1,32,373 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. நாளொன்றுக்கு 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்கும் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு வரும் அபாயம் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. தெற்காசியாவில் மட்டும் பார்த்தால் அது 61 சதவீதம். இத்தகைய ஆய்வு தொடர்பைத்தான் காட்டும். சோறு ஒன்றே காரணம் என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சென்னையில் உடல் எடை மிகுந்தவர்களுக்குச் சில நாட்கள் வெள்ளை அரிசியும் சில நாட்கள் தவிடு நீங்காத அரிசியும் கொடுத்து அளந்தபோது, பின்னதில் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு நிலவரப்படி நீரிழிவு உடையோர் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்போர் 13.6 கோடி என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது.

இதைக் கேட்டதும் பலர் செய்வது, இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு ஆறு சப்பாத்தி உண்பது. இதில் பெரும் பயன் இல்லை. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக்கொண்டு மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காவிட்டால் அபாயம் குறையவில்லை என்று 2025இல் வெளிவந்த இந்திய ஆய்வும் காட்டியது. இந்தியர்களின் உணவு ஆற்றலில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும் அதுவே கூறியது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று பெயரை மாற்றிக்கொள்வதும் இப்படித்தான்.

எனவே சோற்றின் அளவு குறைய வேண்டும். அதன் இடத்தில் பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை, மீன், தயிர், கீரை வரவேண்டும். கைக்குத்தல் அரிசி விலை கூடுதல், எல்லோராலும் வாங்க முடியாது என்பது உண்மையே. ரேஷன் அரிசியே உண்பவர்கள் அதையே உண்ணட்டும்; இரண்டு கரண்டி குறைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி பருப்பையும் கீரையையும் கூட்டிக்கொள்ளட்டும். முருங்கைக்கீரை வேலியிலேயே கிடைக்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைத் தண்ணீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த அளவை நாம் பயானில் கேட்கிறோம். வலீமா விருந்தில் சீரகச்சம்பா பிரியாணி மூன்றாவது முறை பரிமாறப்படும்போது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை.

இங்கே ஆண்களிடம் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் கறியும் மீனும் முதலில் நம் தட்டுக்கு வருகின்றன. எல்லோரும் எழுந்த பின் அமரும் தாய்க்கும் மனைவிக்கும் மருமகளுக்கும் எஞ்சுவது சட்டியின் அடியில் உள்ள ஆணமும் நிறைய வெள்ளைச் சோறும்தான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இரும்புச்சத்துள்ள உணவு யார் தட்டுக்குப் போகிறது என்பதும் அவற்றுள் ஒன்று. வீட்டில் எல்லோரும் ஒரே ஸஹனில் அமரும் வழக்கம் உள்ள ஊர்களில்கூடப் பெண்களின் ஸஹன் பிறகுதான் வைக்கப்படுகிறது. மீன் துண்டை எண்ணி, முதலிலேயே அவர்களுக்கு எடுத்துவைக்கச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ரமளானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்த்த நம் நோன்புக் கஞ்சியில் குறை காண ஏதுமில்லை. பருப்பைச் சற்றுக் கூட்டிப் போட்டால் இன்னும் நன்று. அதன் பக்கத்தில் வந்து அமரும் சமோசாவும் வடையும் சர்பத்துமே சிக்கல். ஸஹரில் வெறும் வெள்ளைச் சோற்றை நிரப்பினால் முற்பகலிலேயே பசிக்கிறது; முட்டையோ பருப்போ தயிரோ சேர்ந்தால் தாங்குகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் ரமளானுக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, தாம் நோன்பு நோற்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவாளர்களிடம் நடந்த ஆய்வில், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகும் நிகழ்வுகள் ரமளானில் பல மடங்கு பெருகியது தெரிந்தது. விரலில் ஊசி குத்திச் சர்க்கரையைப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. எனவே பகலிலும் பாருங்கள். அளவு 70க்குக் கீழே இறங்கினால், மஃரிபுக்கு அரை மணி நேரமே இருந்தாலும், உடனே நோன்பைத் திறந்துவிட்டு எதையாவது உண்ணுங்கள். விடுபட்ட அந்த நோன்பை உடல் தேறிய பிறகு நோற்றுக்கொள்ளலாம்.